பசிபிக் நாடுகளுக்கான பொறுப்பாளர்

2010 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எங்கள் சபையின் வெளிவிவகாரக் குழு கூடியபோது, உலகத்தை எங்களுக்குள் பிரித்துக்கொண்டோம். ஊரில், வன்னியில், போரோடு எல்லாம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. முடிவதற்கு முந்திய மாதங்களில் சிட்னி மார்ட்டின் பிளேசிலும் கன்பராவிலும் நின்று தொண்டை வற்றக் கத்தியிருந்தோம். ஒருவரும் போரை நிறுத்தவில்லை. இனி ஆயுதம் இல்லை, உலக நாடுகளின் வாயால் எங்களை ஒரு தேசம் என்று சொல்லவைப்பதுதான் மிஞ்சிய வழி என்று பேசிப் பேசி ஒரு சபையை அமைத்தோம்.

சபைத் தலைவர் டொக்டர் தருமராசா மெல்பேர்ணிலிருந்து வந்திருந்தார். நார்த்மீட்டில் வாடகைக்கு எடுத்த ஹோலில் கூட்டம். ஜெனீவா என்றதும் ஐந்தாறு கைகள் எழுந்தன. லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் போட்டி. தென்னாபிரிக்காவுக்குக்கூட ஆள் கிடைத்தது. பசிபிக் தீவு நாடுகள் என்று டொக்டர் வாசித்தபோது ஒரு கையும் எழவில்லை.

"அங்கையும் ஐநாவிலை ஒரு நாட்டுக்கு ஒரு வோட்டுத்தான். அமெரிக்காவுக்கும் ஒண்டு, அவைக்கும் ஒண்டு" என்றார் டொக்டர்.

பின்வரிசையில் இருந்து ஒரு பெண் எழும்பினார். "நான் செய்யிறன். அங்கை போற பிளைட் கிழமைக்கு ஒண்டோ ரெண்டோதான். பிரிஸ்பேனாலை போகவேணும்."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர்தான் சிவசோதி. பரமட்டாவில் ஒரு பயண முகவர் கடையில் ரிக்கெற் போடுகிற வேலை. வயது நாற்பத்தெட்டு. கணவர் பாலகிருஷ்ணன் ரயில்வேயில் எஞ்சினியர். பிள்ளைகள் இல்லை. என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. என்னைச் 'சிறி அண்ணா' என்று கூப்பிடுவார். கூட்டங்களுக்கு என் காரில் வருவதும் போவதும் அன்றிலிருந்து வழக்கமானது. அதனால்தான் இந்தக் கதை எனக்குத் தெரியும்.

அவர் ஏன் எழும்பினார் என்பதை அன்று திரும்பி வரும்போது சொன்னார். அவருடைய அக்கா நாகலட்சுமி மகன் யதுஷனோடும் கணவரோடும் கடைசிவரை மாத்தளனில் பங்கருக்குள் இருந்தவர். கணவர் ஷெல் விழுந்து செத்துப்போனார். அந்த நாட்களில் சிவசோதி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ரெலிபோன் புத்தகத்தில் இருந்த எல்லா அலுவலகங்களுக்கும் அடித்தாராம். ஒரு சர்வதேச அலுவலகத்தில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் எந்த அரசாங்கத்தின் சார்பில் பேசுகிறீர்கள் என்று கேட்டாள்.

"அவள் நக்கலுக்குக் கேக்கேல்லை அண்ணா. அவளுக்கு அதை ஒரு இடத்திலை பதியவேணும். நான் போனை வைச்சிட்டன்."

அவர் போய்வந்த தீவின் பெயரை இங்கே எழுதவில்லை. சின்ன நாடு. அதைக் குறை சொல்வதற்காக இதை எழுதவும் இல்லை. விமானம் இறங்கும்போது கடலுக்குள் இறங்குவதுபோல இருக்கும் என்று சிவசோதி சொல்லுவார். முதல் முறை 2010 கடைசியில் போனார். பரிசாக என்ன கொண்டுபோவது என்று அவர் வீட்டுக் குசினியில் எங்களுக்குள் ஒரு விவாதமே நடந்தது. தேயிலை கொண்டுபோகலாம் என்றேன் நான்.

"அது சிலோன் ரீ எண்டு இலங்கை அரசாங்கம் விக்கிற சாமான். நாங்கள் எங்கடை எண்டு குடுக்கேலாது" என்றார் சிவசோதி. கடைசியில் முறுக்குச் சுட்டுக்கொண்டு போனார்.

வெளிநாட்டமைச்சு என்பது விமான நிலையத்துக்கு எதிரே ஒரு தகரக்கூரைக் கட்டடம். அமைச்சர் மீன்பிடி மாநாட்டுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை சிவசோதி தினமும் காலையில் சேலை உடுத்திக்கொண்டு போய் வாசலில் இருந்த பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். அமைச்சின் செயலாளர் மெரியானா என்ற பெண். சிவசோதியின் வயதுதான் இருக்கும். இரண்டாம் நாளே அவரை உள்ளே கூப்பிட்டு, குளிரூட்டி ஒழுகாத பக்கமாக ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"உங்கள் நிலம் இப்போது யாருடைய கையில்?" என்று கேட்டார் மெரியானா.

"இராணுவத்தின் கையில்."

"உங்கள் சபைக்கு அங்கே ஒரு அலுவலகமாவது உண்டா?"

"இல்லை. போனால் பிடித்துவிடுவார்கள்."

"ஒரு நாடு உங்களை அங்கீகரித்தால் அந்த நாட்டுக்கு என்ன கொடுப்பீர்கள்? கோபிக்காதீர்கள். இந்த மேசைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றோடு வருவார்கள். ஒருவர் ஆஸ்பத்திரி கட்டித் தருவார். இன்னொருவர் துறைமுகம்."

சிவசோதி இந்தக் கேள்விக்கு ஆயத்தமாகப் போகவில்லை. "நாங்கள் மறக்கமாட்டோம். அதைத்தான் இப்போதைக்குத் தரலாம்" என்றார்.

மெரியானா சிரிக்கவில்லை. தான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதுதான் தங்கள் நாட்டுக்குக் கொடி வந்தது, அதற்கு முன்பு வெளியூர் போனால் எந்த நாடு என்று கேட்பவர்களிடம் தன் தகப்பன் வேறு நாட்டின் பெயரைச் சொல்லவேண்டியிருந்தது என்று மட்டும் சொன்னார். பிறகு முறுக்கை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, எப்படிச் செய்வது என்று கேட்டார்.

அமைச்சர் வந்து பத்து நிமிடம் பேசினார். படம் எடுத்துக்கொண்டார்கள். சிவசோதி மஞ்சள் சேலையில், அமைச்சர் பூப்போட்ட சேட்டில், இருவருக்கும் பின்னால் அந்த நாட்டின் கொடி. டொக்டர் அதைச் சபையின் இணையத்தளத்தில் முகப்பிலேயே போட்டார். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வாழ்த்து வந்தது. ஜெனீவாவுக்குப் போனவர்களால் ஒரு நாட்டின் அமைச்சரோடு ஒரே கதிரை வரிசையில் இருக்க முடியவில்லை. பின்வரிசையில் சிரித்தவர்கள் இப்போது அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

பாலகிருஷ்ணனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. "சோதி, உன்ரை முகத்தை இப்பிடி உலகம் முழுக்கக் காட்டவேணுமோ? அக்காவும் பெடியனும் இன்னும் அங்கை இருக்கினம்" என்றார்.

"ஒளிச்சிருந்து ஒரு நாடு கேக்கேலாது" என்றார் சிவசோதி. அப்போது எனக்கும் அது சரியாகவே பட்டது.

அதற்குப் பிறகும் போனார். பக்கத்து நாடுகள் இரண்டுக்கும் போனார். ஒரு நாட்டில் வாசலோடு அனுப்பிவிட்டார்கள். மற்ற நாட்டில் அவரை இந்தியத் தூதரகத்து ஆள் என்று நினைத்து விருந்து வைத்துவிட்டு, உண்மை தெரிந்ததும் கொடுத்த காரையும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். மெரியானா ஒருவர்தான் கதவைத் திறந்து வைத்திருந்தார். அங்கீகாரம் என்ற பேச்சை எடுக்கவே முடியாது, ஆனால் ஒரு வசனம் முடியும் என்றார். ஐநா பொதுச்சபையில் ஒவ்வொரு வருடமும் செப்டம்பரில் அவர்கள் நாட்டின் தலைவர் பேசுவார். அந்த உரையை எழுதுவது மெரியானாதான். அதற்குள் ஒரு வசனம் வைக்கலாம்.

2012 தொடக்கத்தில் அந்த வசனம் மின்னஞ்சலில் வந்தது. "இந்த மண்டபத்தில் இருக்கை இல்லாத மக்களை, இந்து சமுத்திரத்தின் தமிழ் மக்கள் உட்பட, நாம் மறந்துவிடக்கூடாது." இவ்வளவுதான். அமைச்சரும் பார்த்துச் சரி சொல்லிவிட்டார். சிவசோதி அதை எனக்கு ரெலிபோனில் வாசித்துக் காட்டினார். டொக்டர் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு நாட்டுத் தலைவரின் வாயிலிருந்து, அந்த மேடையில், எங்கள் பெயர். செப்டம்பர் வரைக்கும் ஒருவருக்கும் மூச்சுவிடக்கூடாது என்று முடிவெடுத்தோம்.

ஆகஸ்டில் யதுஷன் படகில் வந்தான்.

அவனுக்கு அப்போது இருபத்தியொரு வயது. தகப்பன் செத்தபிறகு முகாமிலும், பிறகு கிளிநொச்சியில் ஒரு தகரக் கொட்டிலிலும் தாயோடு இருந்தவன். இரண்டு முறை இராணுவம் விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தது. தாய் இருந்த நகையெல்லாம் விற்று அவனை ஏற்றிவிட்டார். சிவசோதிக்குச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவில் இறங்கிய பிறகுதான் செய்தி வந்தது. அவன் கடலில் இருந்த நாட்களில்தான் ஆஸ்திரேலியா புதுச் சட்டம் அறிவித்திருந்தது. இனிப் படகில் வருகிறவர்களை இங்கே வைத்திருக்கமாட்டார்கள், பசிபிக் தீவுகளுக்கு அனுப்புவார்கள். மெரியானாவின் நாடும் ஒரு முகாமுக்கு இடம் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தது.

யதுஷனை அங்கேதான் அனுப்பினார்கள்.

சிட்னியில் குடிவரவு அலுவலகத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் ஒழுங்கு செய்தார்கள். அந்தத் தீவின் வெயிலையும் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் நேரில் கண்ட தமிழர் சிவசோதி ஒருவர்தான். பேச வரச்சொல்லிக் கேட்டார்கள். ஒரு வானொலியும் கேட்டது. அன்று மாலையே டொக்டர் போன் அடித்தார். நான் பக்கத்தில் இருந்தேன். சிவசோதி ஸ்பீக்கரில் போட்டார்.

"சிவசோதி, உம்மடை மனசு எனக்கு விளங்குது. ஆனால் செப்டம்பர் முடியட்டும். இப்ப நீர் அந்த நாட்டைப் பற்றி வாய் திறந்தால் அந்த வசனம் போயிடும்."

"டொக்டர், அவன் என்ரை அக்காவின்ரை பிள்ளை."

"ஓம். அதாலைதான் கேக்கிறன். நாங்கள் ஒரு அரசு மாதிரி நடக்கப் பழகவேணும். அரசுகள் இப்பிடித்தான் நடக்கிறது."

சிவசோதி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள் என்ன சொல்லுறியள் அண்ணா?"

டொக்டர் சொல்வது சரியாயிருக்கலாம் என்றேன் நான். பாலகிருஷ்ணன் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார்.

சிவசோதி ஆர்ப்பாட்டத்துக்குப் போகவில்லை. வானொலிக்குச் சுகமில்லை என்று சொன்னார். அந்தக் கிழமைகளில் அவர் கடைக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். முகாமிலிருந்து யதுஷனுக்குப் பேசக் கிடைக்கும்போதெல்லாம் அவன் கேட்பது ஒன்றைத்தான்.

"சித்தி, உங்களுக்கு இங்கத்தை மினிஸ்டரைத் தெரியும் எண்டு அம்மா சொன்னவ."

"ஓமடா. கொஞ்சம் பொறு. நான் கதைக்கிறன்."

உரை நடந்த அன்று எங்களுக்கு விடிகாலை. சிவசோதி வீட்டில் கொம்பியூட்டருக்கு முன்னால் நான்கைந்து பேர் இருந்தோம். டொக்டர் மெல்பேர்ணில் பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் கடல்மட்டம் உயர்வதைப் பற்றிப் பேசினார். மீன்வளம் பற்றிப் பேசினார். எங்கள் வசனம் வரவேண்டிய இடம் எதுவென்று சிவசோதிக்கு மனப்பாடம். அந்த இடம் வந்தது. ஆட்கடத்தலைத் தடுப்பதில் பிராந்திய நாடுகளுடன், குறிப்பாக ஆஸ்திரேலியாவுடன் கைகோர்ப்பதில் தமது நாடு பெருமைப்படுகிறது என்றார் தலைவர். பிறகு நன்றி சொல்லி இறங்கிவிட்டார்.

எழுத்தில் கொடுத்த உரையில் அது இருக்கக்கூடும் என்றார் யாரோ. சிவசோதி எழுந்து போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டார். மெரியானாவின் குறுஞ்செய்தி மத்தியானம் வந்தது. மன்னிக்கவும், கடைசிப் பிரதியை எழுதியது நான் அல்ல.

இனிக் காத்திருக்க ஒன்றும் இருக்கவில்லை. நவம்பரில் சிவசோதி தன் செலவில், சபைக்குச் சொல்லாமல் போனார். மெரியானா தன் வாகனத்திலேயே அவரை முகாம் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், உறவினர் என்று சொல்லி உள்ளே விடச் செய்தார்.

பொஸ்பேற் வெட்டி எடுத்துக் கைவிட்ட வெள்ளை நிலத்தில் வரிசையாகக் கூடாரங்கள். யதுஷன் முழங்காலைக் கட்டிக்கொண்டு மேசைக்கு எதிரே இருந்தான். சிவசோதி அவனைக் கடைசியாகப் பார்த்தபோது அவனுக்குப் பத்து வயது. சமாதானக் காலத்தில் ஊருக்குப் போயிருந்தபோது தன்னைச் சைக்கிளில் ஏற்றச் சொல்லி அவரிடம் அழுதவன்.

"எவ்வளவு காலம் எண்டு கேட்டன் சித்தி. ஒருத்தருக்கும் தெரியாதாம். அஞ்சு வருஷமாம். கூடவும் எடுக்குமாம். நானா விரும்பிப் போறன் எண்டு சைன் வைச்சுப்போட்டு ஊருக்குத் திரும்பிப் போகப்போறன்."

"விசர்க் கதை கதையாதை. அங்கை உன்னைப் பிடிப்பாங்கள்."

"பிடிச்சால் பிடிக்கட்டும். அம்மா தனிய. இஞ்சை இருந்தால் எனக்குத் தலை சரிவராது." கொஞ்சம் பொறுத்து, "உங்களாலை ஏதும் ஏலுமோ? ஏலாட்டிச் சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன்" என்றான்.

சிவசோதி வெளியே வந்து, திரும்பும் வழியில் மெரியானாவிடம் கேட்டார். இரண்டு வருடமாக ஒரு தேசத்துக்காகக் கேட்டுவந்தவர், அன்று ஒரு பெடியனுக்காகக் கேட்டார். அவனை ஒரு வீட்டில் வைக்க முடியாதா, நான் பொறுப்பு நிற்கிறேன் என்றார்.

மெரியானா வாகனத்தை நிறுத்திவிட்டே பதில் சொன்னார். "சோதி, நிலம்தான் எங்களுடையது. உள்ளே இருப்பவர்களைப் பற்றி முடிவெடுப்பது கன்பரா. நான் ஒரு போர்வை கொடுப்பதென்றாலும் அவர்களைக் கேட்கவேண்டும். இதை நீங்கள் உங்கள் அரசாங்கத்திடம் கேளுங்கள்."

"எது என்னுடைய அரசாங்கம்?"

"நீங்கள் ஆஸ்திரேலியப் பாஸ்போட்டில்தானே வருகிறீர்கள்" என்றார் மெரியானா. அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது என்று சிவசோதி சொன்னார்.

யதுஷன் டிசம்பரில் கையெழுத்து வைத்தான். கொழும்பில் இறக்கினார்கள். விமான நிலையத்திலேயே வைத்து விசாரித்தார்கள். முதல்நாள் படகைப் பற்றிக் கேட்டார்களாம். அடுத்தநாள் ஒருவர் ஒரு கடதாசியை மேசையில் வைத்தார். மஞ்சள் சேலையில் சிவசோதியும், பூப்போட்ட சேட்டில் அமைச்சரும், பின்னால் அந்தக் கொடியும். இது உன் சித்திதானே, அந்தத் தீவுக்கு உன்னை யார் அனுப்பினது, அங்கே யாரைச் சந்தித்தாய் என்று கேட்டார்கள். ஆஸ்திரேலியாதான் தன்னை அங்கே கொண்டுபோய் வைத்தது என்று அவன் சொன்னதை அவர்கள் நம்பவில்லை.

அவனோடு திரும்பியவர்களை நீர்கொழும்பு நீதவான் பிணையில் விட்டார். அவனை மட்டும் மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது இடது காது கேட்கவில்லை. பிறகும் ஒவ்வொரு கிழமையும் பொலிசில் போய்க் கையெழுத்து வைக்கவேண்டியிருந்தது.

அக்கா ஒருமுறைதான் இதைப் பற்றிப் பேசினார். சிவசோதி அழுதுகொண்டே எனக்குச் சொன்னது இது. "நீ எங்களுக்கு நல்லதுதான் நினைச்சனி சோதி. எனக்குத் தெரியும். ஆனால் இனிப் போன் எடுக்காதை. நீ எடுக்கிற ஒவ்வொருக்காலும் அவங்கள் வந்து யார் எடுத்தது எண்டு கேக்கிறாங்கள்." அக்கா கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன் என்றார் சிவசோதி. கெஞ்சிச் சொன்னாராம்.

அந்தப் படத்தை இணையத்தளத்திலிருந்து எடுக்கச் சொல்லி நான்தான் டொக்டருக்குப் போன் அடித்தேன். உடனே எடுத்துவிட்டார். அவரும் உடைந்துதான் போயிருந்தார். "அண்டைக்கு அவவைப் பேசவிட்டிருக்கலாம் என்ன?" என்று கேட்டார். பேசியிருந்தாலும் யதுஷனை அங்கேதான் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதை ஆறுதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் ஓம் என்று தலையாட்டியவன்தானே.

2013 மார்ச்சில் ஜெனீவாவில் இலங்கை பற்றி ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதில் எங்களைக் குறிப்பதாகப் பட்ட இடங்களைத் தேடிக் கோடு போட்டு எல்லோருக்கும் அனுப்பினார்கள். நவம்பரில் கொமன்வெல்த் மாநாடு கொழும்பிலேயே நடந்தது. படகுகளைத் தடுக்கச் சொல்லி ஆஸ்திரேலியா இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துக் கப்பல்கள் கொடுப்பதாக அங்கேயே அறிவித்தது. மாநாட்டுக்குப் போன தலைவர்களின் படத்தை நான் பேப்பரில் பார்த்தேன். மூன்றாம் வரிசையில் சிவசோதியின் அமைச்சரும் நின்றார், இந்த முறை கோட்டுப் போட்டுக்கொண்டு. சிவசோதியிடம் அதைக் காட்டவில்லை. அவர் முன்னமே பார்த்திருந்தார்.

டிசம்பரில் வருடக்கூட்டம். அதே ஹோல். வந்தவர்கள் முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. ஜெனீவாப் பொறுப்பாளர் நீளமாக ஒரு அறிக்கை வாசித்தார். பசிபிக் என்று டொக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது சிவசோதி எழுந்தார்.

"அறிக்கை ஒண்டுமில்லை" என்றார். "புதுசா ஆரும் பொறுப்பெடுத்தால் மெரியானாவின்ரை நம்பர் தாறன். அவ நல்ல மனிசி. அவவாலை ஒண்டும் ஏலாது. அதையும் போறவைக்குச் சொல்லிவிடவேணும்."

யாரும் பொறுப்பெடுக்கவில்லை. டொக்டர் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனார். சிவசோதி கூட்டம் முடியும்வரை இருந்தார். கதிரைகளை அடுக்கவும் உதவி செய்தார்.

திரும்பி வரும்போது, இனிக் கூட்டங்களுக்கு வருவீர்களா என்று கேட்டேன். விடச் சொல்லத்தான் நினைத்துக் கேட்டேன்.

"வருவன் அண்ணா" என்றார். "வீட்டிலை இருந்தால் மனிசன்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு இருக்கவேணும். அக்காவுக்கும் போன் எடுக்கேலாது. இஞ்சை வந்தாலாவது எங்கடை நாட்டின்ரை பேரைச் சொல்லுற ஆக்களோடை இருக்கலாம்."

வீட்டு வாசலில் இறக்கினேன். பாலகிருஷ்ணன் கதவைத் திறந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.